பூவில் உண்டு, புட்டியில் இல்லை

பிரெடெரிக் மால் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2000-இல் 'ஆன் பாசான்' என்றொரு சென்டை வெளியிட்டது. உருவாக்கியவர் ஒலிவியா ஜியாகொபெட்டி. லைலாக் பூதான் அதன் உயிர். கூடவே வெள்ளரிக்காயும் கோதுமையும் சேர்த்திருந்தார். பூசிக்கொண்டவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். மழை விட்டதும் லைலாக் புதரை ஒட்டி நடந்து போவது போல இருக்கிறது என்று உருகுகிறவர்கள் உண்டு. பிசைந்து மூடி வைத்த மாவின் வாசம் என்கிறவர்கள் உண்டு. வெள்ளரிதான் தெரிகிறது, பூ எங்கே என்று தேடுகிறவர்களும் உண்டு. பொதுவாகவே லைலாக் சென்ட் என்று எதை நீட்டினாலும், 'சோப்பு மாதிரி இருக்கிறதே' என்று ஒரு குரலாவது எழும்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தச் சண்டைக்குக் காரணம் மூக்கில் மட்டும் இல்லை, செடியிலேயே தொடங்குகிறது.

லைலாக் பால்கன் மலைப்பகுதியைச் சேர்ந்த புதர்ச்செடி. தாவரவியல் பெயர் சிரிங்கா வல்காரிஸ். 16-ஆம் நூற்றாண்டில் துருக்கி சுல்தான் சுலைமானின் அவைக்குத் தூதராகப் போன புஸ்பெக் என்பவர் வழியாக கான்ஸ்டான்டினோபிள் தோட்டங்களிலிருந்து வியன்னாவுக்கு வந்தது என்பார்கள். பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவி, வீட்டு வேலியோரச் செடியாகிவிட்டது. மே மாதத்தை ஒட்டி இரண்டு மூன்று வாரம் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நல்ல குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் மொட்டு விடும் என்பதால் நம் சமவெளியில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் உறவுக்காரர்கள் நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறார்கள். மல்லிகையும் பவளமல்லியும் லைலாக்கின் குடும்பமே. ஆலிவ் மரமும் அதே குடும்பம்தான்.

உறவு என்னவோ நெருக்கம்தான், குணம் வேறு. மல்லிகை தாராளமான பூ. நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் சந்தையில் விலை இறங்கினால் சென்ட் தொழிற்சாலைக்குப் போகுமே, அங்கே பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊற வைக்கிறார்கள். கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மெழுகு போல ஒன்று மிஞ்சும். அதை ஆல்கஹாலில் கழுவினால் சுத்தமான மல்லிகைச் சாறு. ஒரு டன் பூவுக்கு மெழுகு மூன்று கிலோ கிடைத்தாலே பெரிது. கொஞ்சம்தான், ஆனாலும் முகர்ந்தால் மல்லிகை என்று தெரியும்.

லைலாக்கிடம் இந்த வேலை பலிக்காது. நீராவியில் காய்ச்சினால் வாசம் கெட்டுப்போகிறது. கரைப்பானில் ஊறப்போட்டால் சொற்பமாக ஏதோ வரும், அது பூவைப் போல மணக்காது. பிரெஞ்சு வாசனைக் கலைஞர்கள் இப்படிப்பட்ட பூக்களை 'ஊமைப் பூக்கள்' என்பார்கள். செடியில் இருக்கும்போது தெருவையே மணக்க வைக்கும். பறித்துக் கசக்கிக் கேட்டால் வாயைத் திறக்காது. ஆகவே லைலாக் என்று பெயர் ஒட்டிய எந்தப் புட்டியிலும் அநேகமாக லைலாக் பூவின் எண்ணெய் இருக்காது. இருப்பது ஒரு சித்திரம், வேறு வேறு பொருட்களைக் கலந்து யாரோ ஒருவர் வரைந்தது.

அந்தச் சித்திரத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிடைத்துவிட்ட முக்கியமான வண்ணம் டெர்பினியால். பைன் மரத்துப் பிசினிலிருந்து டர்பென்டைன் எடுக்கிறார்கள் அல்லவா, அதிலிருந்து இதை மலிவாகச் செய்யலாம். முகர்ந்தால் லைலாக் சாயல் நன்றாகவே தெரியும். சோப்பின் காரத்திலும் கெடாது. மலிவு, உறுதி, நல்ல மணம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு, குளியல் பவுடர், அறை மணமூட்டி என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. சோப்பு மாதிரி இருக்கிறது என்கிறவர் கற்பனை எதுவும் செய்யவில்லை. சோப்பில் அவர் முகர்ந்த அதே மூலக்கூறு இங்கேயும் இருக்கிறது.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊரில் தரை துடைக்கும் வெள்ளை பினாயிலின் வாசம் பைன் எண்ணெயின் வாசம். அந்த எண்ணெயில் பெரும்பங்கு டெர்பினியால்தான்! வாசனைப் பொருட்களில் ஆர்வமுள்ள ஒரு நண்பர் காகிதப் பட்டையில் டெர்பினியாலைத் தொட்டு என்னிடம் கொடுத்தபோது எனக்கு எந்தப் பூவும் நினைவுக்கு வரவில்லை. ஈரம் காயாத ஆஸ்பத்திரி வராந்தாதான் வந்தது. அன்று கூட இருந்த தோழி ஹெல்சிங்கியில் ஏழு வருடம் இருந்தவர். அதே பட்டையை வாங்கி முகர்ந்தவர், கண்ணை மூடிக்கொண்டு "மே மாசம்" என்றார்.

சரி, உண்மையான பூவில் என்னதான் இருக்கிறது? பூவைப் பறிக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுவிட்சர்லாந்தின் ரோமன் காய்சர் போன்ற வேதியியலாளர்கள் 1970-களிலிருந்து இதில் கைதேர்ந்தார்கள். செடியில் இருக்கும் பூவையே ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, அதைச் சுற்றியுள்ள காற்றைச் சின்ன பம்பால் உறிஞ்சி, வாசனை மூலக்கூறுகளை ஒரு வடிகட்டியில் பிடித்துவைப்பார்கள். பிறகு கருவியில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். இப்படிப் பார்த்ததில் லைலாக்கில் சட்டென்று பறந்துவிடும் ஆசிமின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. பூவின் பெயரையே தாங்கிய லைலாக் ஆல்டிஹைடுகளும் லைலாக் ஆல்கஹால்களும் இருக்கின்றன. துளி இண்டோலும் உண்டு.

இந்த லைலாக் ஆல்டிஹைடு ஒரு வேடிக்கையான பொருள். ஒரே அணுக்கள், ஒரே இணைப்பு. ஆனால் வலது கை, இடது கை போல இடவலம் மாறக்கூடிய மூன்று இடங்கள் அந்த மூலக்கூறில் உள்ளன. அதனால் மொத்தம் எட்டு வடிவங்கள் சாத்தியம். செடி அவற்றில் சிலவற்றை மட்டும் தேர்ந்து செய்கிறது. சாதாரண முறையில் ஆய்வகத்தில் செய்தாலோ எல்லாம் கலந்து வரும், வடிவத்துக்கு வடிவம் வாசத்தின் வலிமையும் மாறும். பட்டியல் கையில் இருந்தும் பூ கைக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே வாசனைக் கலைஞர் சுற்றி வளைத்துத்தான் போகிறார். டெர்பினியாலோடு ரோஜா மணக்கும் ஃபீனைல்எத்தில் ஆல்கஹால். தேனும் பச்சைத் தண்டும் சேர்ந்தாற்போல இருக்கும் ஃபீனைல் அசிட்டால்டிஹைடு. பாதாமும் வெனிலாவும் கலந்து முகப்பவுடரை நினைவூட்டும் ஹீலியோட்ரோப்பின். அப்புறம் ஒரு சொட்டு இண்டோல். அது அளவோடு இருந்தால் பூவுக்கு உயிர் வரும், மிஞ்சினால் அந்துருண்டை, இன்னும் மிஞ்சினால் சொல்லவே கூசும் நாற்றம். (மல்லிகையிலும் இண்டோல் உண்டு. மூடிய அறையில் விடிய விடியக் கிடந்த மல்லிகைச்சரம் தலைவலி தருகிறது என்பவர்கள் இண்டோலின் இந்தக் குணத்தையும் கவனிக்கலாம்.) பூசிக்கொண்டவர்களின் புகார்களை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பவுடர் என்பவர், தேன் என்பவர், அந்துருண்டை என்பவர் எல்லோரும் புட்டிக்குள் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டு எடுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஏன் வேறு வேறு துண்டு? மனித மூக்கில் வாசனை மூலக்கூறுகளை உணரும் ஏற்பிகள் சுமார் 400 வகை. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த 400-உம் எல்லோருக்கும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. எந்த இருவரை எடுத்தாலும் சராசரியாக 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஏற்பிகள் செயலில் வேறுபடுகின்றன என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. வயலட் பூவின் வாசத்துக்குக் காரணமான பீட்டா-அயனோனை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு ஏற்பியில் உள்ள மாற்றத்தால் ஒருவருக்கு அது பூவாக மணக்கிறது, இன்னொருவருக்குப் புளிப்பாகக் காடி போல அடிக்கிறது. சென்டுகளின் அடித்தளத்தில் போடும் செயற்கைக் கஸ்தூரிகளில் சில, சிலருடைய மூக்குக்குத் தெரிவதே இல்லை. 'ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது' என்று ஒருவர் குறைப்படும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு அது இன்னும் மணந்துகொண்டிருக்கலாம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

மூக்கைத் தாண்டினால் நினைவு. 2001-இல் ரேச்சல் ஹெர்ட்ஸும் யூலியா ஃபான் கிளெஃபும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வாசத்தை ஒருமுறை ஒரு பெயர் சொல்லியும், இன்னொருமுறை வேறு பெயர் சொல்லியும் கொடுத்தார்கள். பைன் எண்ணெயைக் கிறிஸ்துமஸ் மரம் என்று நீட்டியபோது பிடித்தது. கிருமிநாசினி என்று நீட்டியபோது பிடிக்கவில்லை. வயலட் இலையின் வாசத்தை 'வெள்ளரிக்காய்' என்றும் 'பூஞ்சை' என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கேயும் அதே கதைதான். பெயரே இவ்வளவு செய்யுமென்றால், சிறுவயதில் பாட்டி வீட்டு வேலியில் லைலாக் பூத்தவருக்கும் பினாயிலோடு வளர்ந்தவருக்கும் ஒரே சென்ட் ஒன்றாக மணக்குமா? பிரிட்டனில் லைலாக்கை, அதிலும் வெள்ளையை, வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆகாது என்ற நம்பிக்கை வேறு உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படி மணக்குமோ!

புட்டியும் மாறிக்கொண்டே இருக்கிறது. லைலாக் சித்திரங்களுக்குப் பளபளப்புக் கொடுத்துவந்த லிலியால் என்ற பொருள், இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யலாம் என்ற காரணத்தால் 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதனங்களில் தடை செய்யப்பட்டது. ஒவ்வாமை தரும் லிரால் அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டது. சரியான முடிவுதான். ஆனால் பழைய புட்டி வைத்திருப்பவரும் புதிதாக வாங்கியவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு பொருளைப் பற்றி வாதாடுவது இதனாலும் நடக்கும்.

இன்னொன்று, எப்போது முகர்கிறோம் என்பது. லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும், கனமானவை தங்கும். உடம்புச் சூடும் வெயிலும் கூடினால் பச்சை வாசமெல்லாம் சில நிமிடத்தில் முடிந்து, பவுடரும் கஸ்தூரியும் முன்னால் வந்துவிடும். வறண்ட தோலில் இன்னும் சீக்கிரம். கடையில் காகிதப் பட்டையில் மயங்கியவர் சென்னை வெயிலில் நடந்தபின் ஏமாறுவது இதனால்தான்.

நண்பர் அன்று டெர்பினியாலோடு நிறுத்தவில்லை. ஒரு முழு லைலாக் கலவையையும் இன்னொரு பட்டையில் தொட்டுக் கொடுத்தார். எனக்கு மறுபடி வராந்தா, தோழிக்கு மறுபடி மே மாதம். பட்டையை மேசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் எடுத்துப் பார்த்தால் வராந்தாவும் இல்லை, மே மாதமும் இல்லை. டெர்பினியால் போய்விட்டிருந்தது. ஹீலியோட்ரோப்பின் மட்டும் மிச்சம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "பவுடர் டப்பா."