எலிக்குப் பலித்தது என்று நீங்கள் ஏன் விழுங்குகிறீர்கள்?

இந்த மாதமும் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. "மருந்தெல்லாம் எதுவும் இல்ல டாக்டர், சத்து மாத்திரைதான்" என்றார். மனைவி கைப்பையிலிருந்து எடுத்து வைத்த அட்டையில் சிரோலிமஸ் என்று இருந்தது. ராபமைசின் என்பதும் அதுதான். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க நாங்கள் கொடுக்கும் மருந்து. முதுமையைத் திருப்பும் என்று யூடியூபில் பார்த்து வாங்கியிருக்கிறார். பிரஷர் மாத்திரையையோ "கெமிக்கல்" என்று நிறுத்தியாயிற்று. அன்றைக்கு 170/100.

"எலிக்கு வேலை செஞ்சுதே டாக்டர், நமக்குச் செய்யாதா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். சரி, முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

2009-இல் வெளிவந்த ஆய்வு அது. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்களில், 600 நாள் வயதான எலிகளுக்கு, மனிதக் கணக்கில் சுமார் அறுபது வயது, தீவனத்தில் ராபமைசின் கலந்து கொடுத்தார்கள். ஆயுள் கூடியது. அருமையான ஆய்வு, மறுக்கவே இல்லை. ஆனால் ஆய்வக எலி பெரும்பாலும் புற்றுநோயில் சாகிறது. ராபமைசின் கட்டி வளர்வதைத் தடுக்கக்கூடியது. நம்மை வீழ்த்துவது மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா. எலி இருப்பது சுத்தமான கூண்டில், காசநோய் அதை நெருங்காது. நம்மில் எத்தனையோ பேர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மருந்து அதை எழுப்பிவிடலாம். அந்த மூன்று ஆய்வகங்களும் சேர்ந்து நடத்தும் அதே எலித் திட்டத்தில், சிவப்புத் திராட்சையில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளையும் சோதித்தார்கள், ஆயுள் கூடவில்லை. அந்த முடிவை மட்டும் எந்த வீடியோவிலும் சொல்வதில்லை.

முதுமை ஆராய்ச்சியில் இன்று முதல் தேவை இன்னொரு எலி முடிவு இல்லை, மனிதர்களிடம் முறையான சோதனை. அமெரிக்காவில் முதுமையை ஆராயும் மருத்துவர் நிர் பார்சிலாய் குழு திட்டமிட்ட 'டேம்' ஆய்வு அப்படிப்பட்டது. சர்க்கரை நோய் இல்லாத, 65 முதல் 79 வயது வரையுள்ள 3,000 பேர், ஆறு ஆண்டுகள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை இவர்களுக்குக் கொடுத்தால் மாரடைப்பு, புற்றுநோய், மறதிநோய் எல்லாம் தள்ளிப்போகின்றனவா என்று பார்ப்பது. காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரை, அதனால் பணம் போட கம்பெனிகளுக்கு ஆர்வமில்லை. ஆண்டுக்கணக்கில் நிதிக்காகக் காத்துக்கிடந்தது. எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

உடனே மெட்ஃபார்மின் வாங்க ஓடாதீர்கள். 2019-இல் வந்த ஒரு சோதனையில், எடை தூக்கிப் பயிற்சி செய்த முதியவர்களில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே கூடியது. வயதானவர் விழாமல் நடக்க அந்தத் தசைதான் வேண்டும்.

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிரோலிமஸ் எடுப்பவர் பல் பிடுங்கும் முன், அறுவைக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், புண் ஆறத் தாமதமாகும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு எகிறும். முதுமையைத் தடுக்க 'இளம் ரத்த பிளாஸ்மா', அதாவது இளைஞர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த திரவம், ஏற்றுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-லேயே எச்சரித்துவிட்டது.

வீட்டில் அப்பாவோ மாமாவோ இப்படி எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால், சண்டை போடாமல் அட்டையோடு அவரை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.