செவிலிப் புரதம்: ஒரு சொல் விளக்கம்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் கற்கும் மாணவர்கள் ‘பைலஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்கிறார்கள். இலத்தீனில் அதற்கு மயிர் என்பது பொருள். பற்றீரியாவின் மேற்பரப்பில் நீட்டிநிற்கும் இவ்விழைகளை 1955இல் டியூகிட் ‘ஃபிம்பிரியா’, அதாவது துணியோரக் குஞ்சம், என்றார். 1959இல் பிரிண்டன் ‘பைலஸ்’ என்றார். பிசிர், சவுக்குமுளை என்ற சொற்கள் நம் பாடநூல்களில் வேறு உறுப்புகளுக்கு உரியவை. ஆகவே ‘நுண்மயிர்’ என்பதே தெளிவானது.

இழையைக் கட்டியெழுப்பத் துணைபுரியும் ‘சாப்பரோன்’ புரதத்துக்குப் பெயரிடுவதே கடினம். பிரெஞ்சில் தலைமூடியைக் குறித்த இச்சொல், பின்னர் இளம்பெண்ணுக்குக் காவலாக உடன்செல்லும் மூத்த பெண்ணைக் குறித்தது. 1978இல் லாஸ்கி அதைப் புரதத்துக்கு வழங்கினார். அதை ‘உதவிப் புரதம்’ என்று பெயர்ப்பது போதாது, ‘செவிலிப் புரதம்’ என்பதே பொருந்தும் என்பதை, சிறுநீர்த்தொற்றை உண்டாக்கும் ஈ. கோலி பற்றீரியாவின் பாப்-டி என்னும் சாப்பரோன் புரதமே காட்டுகிறது.

1989இல் 2.5 அங்ஸ்ட்ரொம் துல்லியத்தில் வெளியான அதன் பளிங்குக் கட்டமைப்பில் (தமிழகத்தார் படிகம் என்பதையே நாம் பளிங்கு என்கிறோம்), பிறபொருளெதிரியின் மடிப்பை ஒத்த இரு பகுதிகள் பூமராங் வடிவில் வளைந்து நின்றன. அது செயற்படும் விதத்தை 1999இல் வெளியான கட்டமைப்புகள் விளக்கின. நுண்மயிரைக் கட்டும் புரதத் துண்டான உபஅலகு ஒவ்வொன்றிலும் மடிப்பை முழுமையாக்க வேண்டிய ஏழாவது புரத இழை இல்லை. அவ்விடம் ஒரு பள்ளமாகத் திறந்து கிடக்கிறது. செவிலிப் புரதம் தன் இழையொன்றை அப்பள்ளத்தில் வைத்து, உபஅலகு குலைந்துவிடாமல் காத்து, வெளிமென்சவ்வின் வாயில்வரை சேர்க்கிறது. அங்கே அடுத்த உபஅலகின் நுனி அதே பள்ளத்தில் புகுந்ததும், செவிலி தன் இழையை மீட்டுக்கொண்டு விலகுகிறது. நம் கடற்கரையில் வலை பொத்துபவர் அறுந்த கண்ணின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்து, ஊசியில் வரும் புதுநூல் முடிச்சாக இறுகிய பின்பே விரலை எடுப்பதை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

‘தோழிப் புரதம்’ என்றும் சொல்லலாம். எனினும் சங்க அகப்பாடல்களில் தோழி தலைவிக்கு ஒத்த வயதினள். வளர்த்துக் காத்து, உடன்போக்கில் தலைவி இன்னொருவரோடு இணைந்து சென்றபின் வீட்டிலேயே நின்றுவிடுபவள் செவிலி. முடிந்த நுண்மயிரில் பாப்-டி இடம்பெறுவதில்லை. அது கலத்தின் உள்ளேயே தங்கி, அடுத்த உபஅலகை ஏந்திக்கொள்கிறது.