மானியம்: சொல் விளக்கம்

அரசு ஒரு தொழிலைத் தாங்கிப் பிடிக்கத் தன் கையிலிருந்து போடும் பணத்தை இன்று மானியம் என்கிறோம். ஆங்கிலத்தின் சப்சிடிக்கு இணையாக இச்சொல் நிலைத்துவிட்டது.

சப்சிடியின் மூலம் லத்தீனின் 'சப்சிடியம்'. முன்வரிசை தளர்ந்தால் இறங்குவதற்காகப் பின்னால் அமர்ந்திருக்கும் ரோமானியத் துணைப்படை என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் அது, மன்னரின் செலவுக்காக நாடாளுமன்றம் இசைந்து திரட்டிக்கொடுத்த வரியைக் குறித்தது. அரசுக்குக் குடிகள் கொடுத்ததன் பெயர், குடிகளுக்கு அரசு கொடுப்பதன் பெயராகிவிட்டது.

மானியத்தின் வேர், மதிப்புக்குரியது எனப் பொருள்படும் வடமொழி 'மான்ய'. தமிழில் அது முதலில் நிலத்தையே குறித்தது. கோயில் பணி செய்வோருக்கும் ஊர் ஊழியருக்கும் வரி இல்லாமலோ பெயரளவு வரியிலோ விடப்பட்ட நிலம் மானியம். சோழர் கல்வெட்டுகள் வரி நீங்கிய நிலத்தை இறையிலி என்றன. பிற்காலத்தில் இனாம் என்ற சொல்லும் கூடவே வழங்கியது. 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் அந்த நிலங்களை, உழவரே நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றியது. (மணியக்காரரின் 'மணியம்' வேறு சொல்; அது நிர்வாகப் பொறுப்பு.)

சிக்கல், அமெரிக்காவின் 'பயிர் மானியம்' பற்றித் தமிழில் எழுதும்போது வருகிறது. உர மானியம் என்றால் விலையில் ஒரு பகுதியை அரசு சுமக்கிறது என்று நமக்குப் புரியும். அங்கே காப்பீட்டுக் கட்டணத்தில் அரசு ஏற்கும் பங்கு அந்த வகை. அதை மானியம் என்பதில் தடையில்லை. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகம் வழியாக வரும் மற்றத் தொகைகள் அப்படியல்ல. 1933-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடிப் பரப்பைக் குறைத்ததற்கே பணம் கொடுத்தது. 1936-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

2014 முதல் இரண்டு திட்டங்கள் முதன்மையானவை. ஒன்று, சட்டம் குறித்த விலைக்குக் கீழே சந்தை விலை இறங்கினால் கிடைப்பது. குறித்த விலை புஷலுக்கு (தானியம் அளக்கும் அளவு) 5.50 டாலர், சந்தை விலை 5 டாலர் என்று கொள்வோம். நிலத்தின் பழைய பதிவில் 100 ஏக்கர், ஏக்கருக்கு 40 புஷல் விளைச்சல் என்று இருந்தால், சட்டப்படி அதில் 85 விழுக்காடான 85 ஏக்கருக்கு மட்டும் அரை டாலர் வீதம் கணக்கிட்டு 1,700 டாலர். மற்றொன்று கவுண்டி முழுவதன் வருவாயைப் பார்ப்பது. தன் வயலில் மட்டும் ஆலங்கட்டி விழுந்தவருக்கு அதில் ஒன்றும் வராது. கவுண்டியின் சராசரி சரிந்தால், நன்றாக விளைந்தவருக்கும் வரும்.

இவற்றை விலை ஈட்டுத்தொகை, வருவாய் ஈட்டுத்தொகை என்பதே என் பரிந்துரை. 'உதவித்தொகை' மாணவருக்கும் முதியோருக்கும் போய்விட்டது. 'நல்கை' நல்ல தமிழ்தான். ஆனால் ஆய்வுக்கும் கலைக்கும் தரும் நிதிக்கு அது பழகிவிட்டது.

ஆனாலும் மானியம் என்று எழுதுவோர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்த ஈட்டுத்தொகை 'அடிப்படை ஏக்கர்' என்ற பழைய பதிவின்படி வருகிறது. நிலம் கைமாறினால் பெரும்பாலும் பதிவும் கூடவே போகும். கோதுமைக்குப் பதிவான ஏக்கரில் இந்த ஆண்டு சோயா விதைத்தாலும் கோதுமைக்கான தொகைதான் வரும். பயிரை விட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில், அது நம் பழைய மானியத்துக்குத்தான் நெருங்கிய உறவு.