சிடி ஸ்கேன் எடுத்த பின் ரத்த அணுக்களை எண்ணுவோருக்கு

சென்ற வாரம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நான்காவது முறையாகச் சேலத்திலுள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். வயிற்று வலிக்காக இரண்டு மாதங்களுக்கு முன் சிடி ஸ்கேன் எடுத்துக்கொண்டவர். “உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியிருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லுங்கள், டாக்டர்” என்றார். முந்தைய அறிக்கையில் ‘லிம்போசைட் 18 சதவீதம்’ (லிம்போசைட் என்பது கதிர் மிகுதியாகப் பட்டால் விரைவில் குறையும் ஒரு வகை வெள்ளணு) என்ற வரிக்குக் கீழே யாரோ சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள். இத்தகைய கோடுகளை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுவதை முதலில் நிறுத்துங்கள். அவருடைய மொத்த வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 12,000. அதில் 18 சதவீதம் என்றால் 2,160 லிம்போசைட்டுகள். பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் முதல் நாலாயிரம் வரை இயல்பு. அந்த வாரம் அவருக்குச் சளிக்காய்ச்சல் இருந்ததால் நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் பெருகின, லிம்போசைட்டின் பங்கு சுருங்கியது. வீட்டுக்கு இருபது விருந்தாளிகள் வந்துவிட்டால் வீட்டார் குறைந்துபோனார்கள் என்று யாராவது சொல்வார்களா? கதிர்வீச்சைப் பற்றிப் பேசும்போது எண்ணிக்கைதான் கணக்கு. அதுவும் ஒரே ஒரு எண்ணிக்கை அன்று, மணிக்கணக்கில் அது எப்படி இறங்குகிறது என்பதே கணக்கு.

வயிற்று சிடி ஸ்கேனில் உடல் பெறுவது சுமார் 10 மில்லிசீவர்ட். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராயும் மிக நுட்பமான சோதனைக்கே, அணுக்களை நூற்றுக்கணக்கில் எண்ணினாலும், ஏறத்தாழ 100 மில்லிகிரேக்குக் (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை ஒரு மில்லிகிரே ஏறத்தாழ ஒரு மில்லிசீவர்ட்) கீழே எதுவும் உறுதியாகப் புலப்படாது. சாதாரண ரத்த எண்ணிக்கை அதைவிடப் பலமடங்கு மந்தமானது. ஸ்கேன் முடிந்த பின் எக்ஸ்ரே உடம்பில் தங்குவதும் இல்லை. செல்போன் கோபுரத்தைக் காரணம் காட்டி வருகிறவர்களுக்கு ஒரு வரி போதும்: அந்த அலைகள் குரோமோசோமை உடைக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல.

ரத்தம் சாட்சி சொல்ல வேண்டிய இடம் வேறு. 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கதிரியக்கச் சீசியம் பரவியபோதும், 2010-இல் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் சிக்கியபோதும், பாதிக்கப்பட்டவர்களின் சட்டையில், வாங்கிய கதிரளவை (டோஸை) பதிவுசெய்யும் டோஸ் பேட்ஜ் எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்களின் லிம்போசைட்டுகளை இரண்டு நாள் வளர்த்து, உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இரண்டு இடுப்புகளோடு (சென்ட்ரோமியர்களோடு) நிற்கும் குரோமோசோம்களை எண்ணித்தான் டோஸை மதிப்பிட முடியும். கதிர்படாதவர் ரத்தத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஒன்றிரண்டு தென்படுவதே அரிது என்பதால்தான் இச்சோதனைக்கு இவ்வளவு மதிப்பு.

வரவேண்டியவர்களோ வருவதில்லை. குழாய் வெல்டிங்கை இரிடியம் என்ற கதிர்மூலம் வைத்த கேமராவால் படமெடுக்கும் வேலையில் உதவியாளராக இருந்த ஓர் இளைஞர், விரல்கள் கொப்புளித்த பிறகு மூன்றாவது வாரத்தில் வந்தார். வேறெங்கோ எடுத்த ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்பதால் மேற்பார்வையாளர் அவரைத் தொடர்ந்து வேலைக்கு அனுப்பியிருக்கிறார். பேட்ஜ் எங்கே என்று கேட்டேன். அலுவலக ஆணியில் தொங்குகிறதாம். விரல்நுனி மட்டும் மிகப் பெரிய டோஸை வாங்கியிருந்தாலும் ரத்த எண்ணிக்கை அசையாமல் இருக்கலாம், ஏனெனில் அது உடல் முழுவதற்குமான கணக்கு. ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லால் எத்தனை விரல்கள் பறிபோகும் என்று நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கதிர்மூலத்தோடு வேலை செய்பவர்களே, தயவுசெய்து பேட்ஜை மார்பில் அணியுங்கள். விபத்து என்று சந்தேகம் வந்தால் மூலத்தைத் தொடாமல் விலகி, உடனே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் எந்த மணிக்கு வந்தது என்று குறித்துவையுங்கள். முதல் ரத்தத்தை அன்றே கொடுங்கள். பிறகு இரண்டு நாட்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் லிம்போசைட்டுகள் 500-க்குக் கீழே இறங்கினால் உடல் ஏறத்தாழ 4 கிரேயோ (4,000 மில்லிகிரே) அதற்கு மேலோ வாங்கியிருக்கும் என்பது பொருள். அவருக்குப் பெரிய மருத்துவமனை வேண்டும், வீட்டு ஓய்வு அன்று.

ரத்தம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு சொல். குரோமோசோம் சோதனைக்கு ஹெப்பாரின் கலந்த பச்சை மூடிக் குழாய். வழக்கமான ஊதா மூடி உதவாது. எடுத்த நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதுங்கள். ஐஸில் புதைத்து அனுப்பாதீர்கள், உறைந்த அணுக்கள் வளரமாட்டா.