அட்டாவதானியும் தாவலும்

போன மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இன்றைய பிள்ளைகள் பிறவி அட்டாவதானிகள்! டிவி, போன், லேப்டாப் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள்" என்றார். ஒரே கைதட்டல். ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும் மல்டிடாஸ்கிங்குக்கு 'அட்டாவதானம்' என்று போடுவதை எத்தனை மேடையில் கேட்டுவிட்டேன்! இனி எழுதாமல் முடியாது.

முதலில் மல்டிடாஸ்கிங் என்ற சொல்லின் பிறப்பு. மல்டி, லத்தீனில் 'பல'. டாஸ்க், வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' என்ற சொல்லோடு வேர் ஒன்றானது. ஒருவர் தலையில் சுமத்தப்பட்ட வேலை. இரண்டும் கைகோத்தது 1960களின் நடுவில், ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினியையொட்டி. கணக்குப் போடும் செயலி (பிராசஸர்) ஒன்று, வேலை பல. ஒன்றைக் கொஞ்சம் செய்யும், விட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளும், அடுத்ததற்குப் போகும். வேகத்தில் எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தெரியும். மனிதர்களுக்கு இந்தச் சொல் பிறகுதான் ஒட்டியது.

கணினிக்காரர்கள் இதற்குப் 'பல்பணி' என்று வைத்தார்கள். வாய்விட்டுச் சொன்னால் பல் டாக்டர் ஞாபகம் வருகிறது. ஆனால் பொருளில் பிழையில்லை, போகட்டும்.

அட்டாவதானத்தை அப்படி விட முடியாது. அட்டம் எட்டு, அவதானம் கவனம். இலங்கைத் தமிழர் இன்றும் 'அவதானமாகப் போங்கோ' என்றுதான் சொல்கிறார்கள். சிலர் வடசொல்லை விலக்கி 'எண்கவனகம்' என்று எழுதிவிட்டு, கடமை முடிந்தது என்று நிமிர்கிறார்கள். சொல் தமிழாகிவிட்டது, தவறு அப்படியேதான் இருக்கிறது.

அவதானி மேடையில் என்ன செய்வார்? ஒருவர் அவதானியின் முதுகில் கல் எறிவார், இன்னொருவர் மணி அடிப்பார், மூன்றாமவர் ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுத்து வெண்பா கேட்பார். நடுவில் சதுரங்கக் காய் வேறு நகரும். எறிந்த கல் எத்தனை, அடித்த மணி எத்தனை என்று கடைசியில் பிசகாமல் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு அவதானம் செய்து சதாவதானி ஆனார். பாவலர் முஸ்லிம். அவரை மடக்க ஒருவர் 'துருக்கனுக்கு (முஸ்லிமுக்கு) ராமன் துணை' என்று ஈற்றடி கொடுத்ததாகச் சொல்வார்கள். பாவலர் முந்தைய அடியைப் 'பரத லட்சுமண சத்' என்று முடித்தார். சத்துருக்கனுக்கு ராமன் துணை! இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் வெண்பாவின் இழையைக் கைவிடாத மனம் அது.

இப்போது என் அண்ணன் மகளைப் பாருங்கள். டிவியில் படம், மடியில் லேப்டாப், கையில் வாட்ஸ்அப்.

"படம் பார்க்கிறியாம்மா?"

"பார்த்துட்டுதான் இருக்கேன் சித்தப்பா."

"இப்ப செத்தது யாரு?"

ரிமோட்டை எடுத்துப் பத்து விநாடி பின்னால் தள்ளினாள். போதவில்லை. இன்னும் மூன்று தடவை தள்ளினாள்.

பாவம், அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் ஆய்வாளர் குளோரியா மார்க் 2004இல் அளந்தபோது மனிதர்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார்கள். அண்மை ஆண்டுகளில் அது 47 விநாடி. 2009இல் ஸ்டான்ஃபோர்டில் ஓஃபிர், நாஸ், வாக்னர் மூவரும் பல ஊடகங்களை ஒருசேரப் பார்க்கும் பழக்கம் அதிகமுள்ளவர்களைச் சோதித்தார்கள். வேண்டாததை ஒதுக்குவதில் அவர்கள் பின்தங்கினார்கள். வேலை மாறுவதிலாவது கெட்டிக்காரர்களாக இருப்பார்கள் என்று பார்த்தால், அதிலும் மற்றவர்களைவிட மெதுவு. (பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கணினி விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு போகிறது, பாவலரும் அப்படித்தான் போனார். நாம் குறிக்காமல் போகிறோம். இதற்கா அட்டாவதானி பட்டம்?

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வியாதி. அகராதியில் இருப்பதிலேயே பெரிய சரிகை வேட்டியை எடுத்து, வருகிறவனுக்கெல்லாம் கட்டிவிடுவார்கள். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் திறனுக்கு 'நீடித்த கவனம்' என்கிறார்கள். 'நீடித்த வளர்ச்சி' அறிக்கையிலிருந்து பெயர்த்தெடுத்தது மாதிரி இருக்கிறது. 'ஒரு இடத்தில் தரிக்க மாட்டான்' என்று பாட்டிகள் திட்டுவார்களே, அந்தத் தரிப்பு போதாதா? இலங்கையில் பேருந்து நிற்கும் இடம் தரிப்பிடம். கவனம் நிற்பது கவனத் தரிப்பு. நிற்காமல் திரைக்குத் திரை ஓடினால் கவனத் தாவல், வேலைக்கு வேலை ஓடினால் பணித் தாவல். பல்பணி கணினிக்கே இருக்கட்டும்.

பிரவுசரில் 'புதிய தாவல்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, டேப் எப்படி ஐயா தாவலாகும் என்று பல வருஷம் திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதை எழுதும்போது என் திரையில் பதினான்கு தாவல் திறந்திருக்கிறது.