புயலுக்கு முன் பிடித்து வைக்கும் தண்ணீர்

மழை வெள்ளம் வந்து போன வாரங்களில் வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன தண்ணீர் குடித்தீர்கள்?" என்பதுதான். "கேன் தண்ணிதான் டாக்டர்" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கேனிலிருந்து ஒரு அகலமான அண்டாவுக்கு மாறியிருக்கும். கரண்ட் இல்லாத இருட்டில் ஆளாளுக்கு டம்ளரை உள்ளே விட்டு மொண்டிருப்பார்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்க, கக்கூஸ் போய்விட்டு வந்து சோப்பு போடாமல் அலம்பிய கை அது.

அதனால் குடிக்கிற தண்ணீரைக் குழாய் வைத்த டிரம்மில் வையுங்கள். இல்லையென்றால் வாய் குறுகிய குடம் போதும், சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் கிட்டத்தட்ட இரண்டரை.

"எங்கள் வீட்டில் பெரிய சம்ப் இருக்கிறதே" என்பவர்கள் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை கலந்த வெள்ளம் நேராக உள்ளேதான் போகும். கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். வெள்ளம் புகுந்த சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

ஆர்ஓ தண்ணீரைப் பிடித்து வைப்பவர்களுக்கு ஒன்று. அந்த மெஷின் குளோரினையும் சேர்த்தே எடுத்துவிடும். பிறகு அதில் ஒரு அழுக்குக் கை பட்டால் கிருமியைத் தடுக்க எதுவும் இருக்காது. கேஸ் இருக்கிறவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அதற்கு வழியில்லை என்றால் குளோரின் மாத்திரை. கலங்கிய தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். லேசாகக் குளோரின் வாடை வரும். பலரும் அதற்காகவே கீழே கொட்டிவிடுகிறார்கள். அந்த வாடை இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

அப்புறம் புழக்கத்துக்கு வைத்திருக்கும் டிரம், வாளி. டெங்கு கொசு தேடி வருவது இந்த மாதிரி நல்ல தண்ணீரைத்தான். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்யும்போது உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த முறை நிரப்பும்போது பொரித்துவிடும். தண்ணீரை மட்டும் கொட்டிக் கவிழ்த்தால் அவை போகாது.

கூடவே, வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்கிற ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொடி நாலைந்து பாக்கெட்டும், ஒரு லிட்டர் பாட்டிலும் எடுத்து வையுங்கள். பெரிய பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். குழந்தைக்குத்தானே என்று பாதியைப் போட்டு, தண்ணீரைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.