கேட்ட லீவும் கேக்காத லீவும்

மார்ச் கடைசி வாரம் வந்தாலே எனக்கு போன் ஜாஸ்தி. பிஎஃப், ஈஎஸ்ஐ, சம்பள ரிஜிஸ்டர், லேபர் ஆபீஸ் பேப்பர் இதெல்லாம் பாத்துக் குடுக்கறது தான் எனக்க தொழில், நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மாடி ரூம், பதினேழு வருஷமாச்சு. எனக்கு ஃபீஸ் தாறது முதலாளிமார் தான், அத முதல்லயே சொல்லிடுதேன், ஆனா மாடிப்படி ஏறி வந்து உக்காந்து அழுறது முக்காவாசி வேலை பாக்கறவங்க தான்.

அப்படி ஒரு தங்கச்சி வந்தா. மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்சன், ஆறு வருஷம் சர்வீஸ். போன்ல ஒரு போட்டோ காட்டினா, பஞ்சிங் மெசினுக்கு மேல செலோடேப் போட்டு ஒட்டின நோட்டீசு, மூணே வரி. ஒண்ணு, இனிமே வாரலீவு போக மாசத்துக்கு ஒரு லீவு தான். ரெண்டு, பண்டிகைக்கு கடை அடைச்சா அதுவும் அந்த ஒண்ணுல சேரும். மூணு, எடுக்காத லீவு எல்லாம் மார்ச் 31ஓட காலி.

"சார், எனக்க லீவ மொத்தமா வெட்டிட்டாவ சார். ரெண்டு வருஷமா ஒரு லீவு கூட எடுக்காம சேத்து வச்சேன். அவிய ஜூன்ல துபாய்ல இருந்து வாராவ, நாப்பது நாள் தான் இருப்பாவ. நான் காலைல ஒம்பது மணிக்கு போயி ராத்திரி ஒம்பது மணிக்கு வந்தா அவியள எப்பம் பாக்கது?"

நம்ம மாவட்டத்துல இது எத்தன வீட்டு கதைன்னு உங்களுக்கே தெரியும். மாப்பிள்ள வளைகுடாவுல, பொண்டாட்டி ஊர்ல கடையிலயோ ஸ்கூல்லயோ, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க திருவனந்தபுரம் ஏர்போட்டுல போயி கூட்டிட்டு வரணும். லீவுன்னா அவங்களுக்கு ஓய்வு எடுக்கற நாள் இல்ல, புருசன் கூட இருக்கற நாள். அத ஒரு வரி நோட்டீசுல காலின்னு சொன்னா வயிறு எரியத்தான் செய்யும்.

நான் அவகிட்ட கேட்ட முதல் கேள்வி, "லீவு வேணும்னு எழுதிக் குடுத்தியாம்மா?"ன்னு. "எதுக்கு சார் எழுதணும், கேட்டா தரமாட்டாவன்னு தெரியுமே" அப்படின்னா. தப்பு நடக்கறது இந்த எடத்துல தான், அத அப்புறம் சொல்றேன், அதுக்கு முன்னாடி எந்த லீவு சட்டம் குடுத்தது, எந்த லீவு முதலாளி மனசு வச்சு குடுத்ததுன்னு பிரிச்சு பாத்துக்கிடணும், ஏன்னா மனசு வச்சு குடுத்தத திரும்ப எடுக்கலாம், சட்டம் குடுத்தத எடுக்க அவருக்கு அதிகாரம் கெடையாது.

கடை, கம்பெனி, சின்ன ஐடி ஆபீசு எல்லாத்துக்கும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1947ல வந்தது. அதுல 25வது பிரிவு. ஒரு வருஷம் தொடர்ச்சியா வேலை பாத்தா அடுத்த வருஷத்துல 12 நாள் சம்பளத்தோட லீவு. இது போக உடம்பு சரியில்லன்னா வருஷத்துக்கு 12 நாள் வரைக்கும், நியாயமான வேற காரணத்துக்கு கேஷுவல் லீவு 12 நாள் வரைக்கும், இந்த ரெண்டும் வேலைக்கு சேந்த முதல் வருஷத்துல இருந்தே உண்டு. கூட்டிப் பாருங்க, 36. மாசத்துக்கு ஒண்ணுன்னா 12 தான் வருது, அதனால நோட்டீசுல முதல் வரி செல்லாது. அந்த முதல் 12 இருக்குல்லா, அத எடுக்கலன்னா சேத்து வைக்கலாம், 24 நாள் வரைக்கும். அதாவது அந்த தங்கச்சி ரெண்டு வருஷமா சேத்து வச்ச 24 நாளும் சட்டப்படி அவளுக்கு உள்ளது, மார்ச் 31ன்னு ஒரு தேதி போட்டு அத காலி பண்ண எந்த நோட்டீசாலயும் முடியாது.

ரெண்டாவது வரியும் செல்லாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட அஞ்சு பண்டிகை நாள், ஆக ஒம்பது. இது 1958ல வந்த தேசிய பண்டிகை விடுமுறைச் சட்டம், அந்த 36ஓட இதுக்கு ஒரு சம்மந்தமும் இல்ல. அந்த நாள்ல வேலைக்கு வரச்சொன்னா ரெட்டை சம்பளம், இல்லன்னா அன்னைக்கு சம்பளமும் வேற ஒரு நாள் லீவும். வாரலீவும் தனிக்கணக்கு. "பொங்கலுக்கு லீவு விட்டேன்லா, அத கழிச்சுக்கோ"ன்னு சொல்றது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், சொல்ற முதலாளிக்கே அது தப்புன்னு பல சமயம் தெரியாது.

ஆனா ஒண்ணு, இத எங்கிட்ட வந்து சண்ட போடறவங்க நெறைய பேர். சவேரியார் கோயில் திருவிழாவுக்கு டிசம்பர் 3, சிவராத்திரி, ஓணம், மண்டைக்காட்டு கொடைக்கெல்லாம் கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிக்காரு இல்லியா, அது கவர்மெண்டு ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் தான், அதுக்கும் பதிலா ஒரு சனிக்கிழமை வேலைநாள் வச்சிடுவாங்க. தனியார் கடை அன்னைக்கு லீவு விடணும்னு கட்டாயம் இல்ல. இவ்வளவு நாள் விட்டுட்டு இந்த வருஷம் விடலன்னா கஷ்டமாத் தான் இருக்கும், ஆனா அது மனசு வச்சு குடுத்த கணக்கு. முஞ்சிறை திருமலைல இருந்து திருநட்டாலம் வரைக்கும் பன்னெண்டு கோயில் சிவாலய ஓட்டம் ஓடறவங்க கேஷுவல்ல ரெண்டு நாள் எடுத்து வச்சுக்கிட்டா பிரச்சனையே இல்ல, இல்லன்னா கடையில நின்னுக்கிட்டு கோவிந்தா கோபாலான்னு சொல்லவேண்டியது தான்.

சட்டத்துக்கு மேல குடுத்தத வெட்டறதுக்கும் ஒரு முறை உண்டு. சம்பளத்தோட உள்ள லீவுல மாத்தம் செய்யணும்னா தொழிலாளிக்கு நோட்டீசு குடுத்து 21 நாள் கழிஞ்சு தான் அமல்படுத்தணும். முன்னாடி இது தொழில் தகராறு சட்டத்துல 9ஏ, 2025 நவம்பர் 21ல இருந்து புது தொழில் உறவுகள் சட்டத்தொகுப்புல 40வது பிரிவு. பேரு மாறிச்சு, 21 நாள் மாறல. மேனேஜர் போஸ்ட்ல இருக்கறவங்களுக்கு இதுவும் பொருந்தாது, நான் மேல சொன்ன கடைச் சட்டமும் பொருந்தாது, அவங்க அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர தான் எடுத்துப் பாக்கணும்.

முந்திரி ஆபீசுல வேலை பாக்கற அக்காமாருக்கு கணக்கு வேற, அது ஃபேக்டரி. வேலை பாத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் லீவு. பழைய சட்டத்துல வருஷத்துக்கு 240 நாள் வேலை பாத்திருந்தா தான் இது உண்டு, முந்திரி ஆபீசு கொட்டை வராத மாசத்துல பூட்டிக்கிடக்கும், எங்க இருந்து 240 வரும். தொழில் பாதுகாப்பு, உடல்நலம் பத்தின இன்னொரு புது சட்டத்தொகுப்புல அத 180 ஆக்கிட்டாங்க, நம்ம ஊருக்கு இது பெரிய விசயம், ஆனா முந்திரி ஆபீசு வாசல்ல யாரும் இத சொல்லி நான் கேக்கல.

இப்பம் மெயின் விசயத்துக்கு வாறேன். லீவு வெட்டு நோட்டீசுல நடக்கறத விட ரிஜிஸ்டர்ல நடக்கறது தான் அதிகம். எனக்க கை சுத்தம்னு சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வந்த புதுசு, நாளைக்கு இன்ஸ்பெக்சன்னு ஒரு கடையில இருந்து ராத்திரி பத்து மணிக்கு கூப்பிட்டு லீவு ரிஜிஸ்டர் எழுத வச்சாங்க, எட்டு பேருக்கு ஒரு வருஷ லீவ நான் ஒருத்தனே நீல பேனா, கறுப்பு பேனா மாத்தி மாத்தி எழுதினேன், ஃபேன் காத்துல காய வச்சு, பக்கம் பழசா தெரியட்டும்னு மடக்கி நிமித்தி. மறுநாள் வந்த ஆபீசரு பக்கத்த புரட்டிக்கிட்டே வந்து ஒரு வரியில விரல வச்சு நிறுத்தினாரு. ஒரு பையனுக்கு டிசம்பர் 24 லீவுன்னு நான் போட்டிருந்தேன். "கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் நாகர்கோவில்ல எந்த ஜவுளிக்கடையில சாரே லீவு குடுக்காவ?"ன்னு கேட்டு சிரிச்சாரு. அன்னைக்கு பட்ட வெக்கம், அதுக்கப்புறம் அந்த வேலை நான் செய்யல.

எதுக்கு சொல்றேன்னா, நீங்க எடுக்காத லீவ எடுத்ததா எழுதி உங்ககிட்டயே கையெழுத்து வாங்குவாங்க. "சும்மா ஃபார்மாலிட்டிக்கு"ன்னு சொல்லுவாங்க, நீங்களும் கஸ்டமர் நிக்கற அவசரத்துல போட்டுட்டு போயிடுவீங்க. அந்த கையெழுத்து விழுந்தாச்சுன்னா அதுக்கப்புறம் எந்த ஆபீசுல போயி நின்னாலும் கஷ்டம். ரெண்டு நிமிசம் எடுத்து தேதிய வாசிங்க. அந்த தேதியில நீங்க கடையில தான் இருந்தீங்கன்னா போடாதீங்க, போட்டுத்தான் ஆகணும்னா பக்கத்துல "இந்த தேதிகளில் பணியில் இருந்தேன்"ன்னு எழுதிட்டு போடுங்க. வீட்டுல ஒரு காலண்டர்ல வேலைக்கு போன நாள் போகாத நாள் குறிச்சு வைங்க, பஸ் டிக்கெட்டு கூட ஒரு சாட்சி தான்.

இன்னொண்ணு, நான் அந்த தங்கச்சிகிட்ட கேட்ட கேள்வி. ஒருத்தர வேலைய விட்டு நிறுத்தினா, அவருக்கு வரவேண்டிய 12 நாள் லீவு குடுக்காம பாக்கி இருந்தா அதுக்கு சம்பளம் குடுத்தே ஆகணும். ஆனா நீங்களா வேலைய விட்டீங்கன்னா, லீவு கேட்டு அவங்க மறுத்திருந்தா தான் அந்த காசு உண்டு. கேக்கவே இல்லன்னா மறுத்ததா எப்படி காட்டுவீங்க? தரமாட்டாவன்னு தெரிஞ்சும் எழுதிக் கேக்கணும், தரமாட்டாவன்னு தெரிஞ்சா கட்டாயம் எழுதிக் கேக்கணும்.

லெட்டர் எப்படின்னு கேட்டா, வக்கீல் நோட்டீசு மாதிரி எல்லாம் வேண்டாம். அவ எழுதினது இவ்வளவு தான்: "மதிப்பிற்குரிய ஐயா, நான் நமது கடையில் 6 வருடமாக சேலை பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். எனக்கு சேர்ந்துள்ள சம்பளத்துடன் கூடிய விடுப்பு 24 நாட்களில், ஜூன் 3 முதல் 20 நாட்கள் எடுத்துக்கொள்ள அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." தேதி, கையெழுத்து, முடிஞ்சுது. சட்டம், பிரிவு, லேபர் ஆபீஸ் ஒரு வார்த்தை கிடையாது. அத நான் தான் வேண்டாம்னேன், நம்ம ஊர்ல முதலாளி வேற ஆள் இல்ல, உங்க சித்தி வீட்டு கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதினவரு, பாட்டிக்க பதினாறு அடியந்திரத்துக்கு வந்து சாப்பிட்டவரு, எடுத்த எடுப்புல சட்டத்த நீட்டினா முகம் மாறிடும். ரெண்டு காப்பி எழுதி ஒண்ணுல வாங்கினதுக்கு கையெழுத்து கேளுங்க, தரலன்னா போட்டோ எடுத்து வாட்சப்ல அனுப்புங்க.

முதலாளி பக்கமும் கொஞ்சம் பேசிடுதேன், எனக்கு சோறு போடறது அவங்க தான். நாலு பேர் உள்ள கடையில ஒருத்தர் இருவது நாள் போனா நெஜமாவே கல்லாவ விட்டு எழும்ப முடியாது. அதனால ஜனவரியிலயே உங்களுக்க தேதிய சொல்லிடுங்க, குடும்பக்கோயில் கொடை, பங்குத் திருவிழா, புருசன் வாற மாசம் எல்லாம். கிறிஸ்துமஸ், தீவாளி பக்கம் கேக்காம இருந்தாலே பாதி ஜெயிச்ச மாதிரி. கோவத்துல ரெண்டு பேரா மூணு பேரா சேந்து காய்ச்சல்னு ஒரே நாள் லீவு போடற வேலை வேண்டாம், அது அவங்க கையில நீங்களே குடுக்கற கம்பு. அஞ்சு வருஷம் நெருங்கினவங்க ஒரு நோட்டீச பாத்து வேலைய தூக்கிப் போட்டுட்டு வராதீங்க, கிராஜுவிட்டி, அதாவது வேலைய விடும்போது சர்வீசுக்கு தாற பணம், போயிடும்.

உடம்பு விசயத்துல இன்னொரு வழி இருக்கு, முக்காவாசி பேருக்கு தெரியாது. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம், ஈஎஸ்ஐ பிடிக்காங்கன்னா, டாக்டர் சர்டிபிகேட்டோட லீவுல இருந்தா சம்பளத்துல 70 சதவீதம் ஈஎஸ்ஐயே தரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். முதல் ரெண்டு நாள் சாதாரணமா கணக்குல வராது, அதனால சளி காய்ச்சலுக்கு பிரயோசனம் இல்ல, ஆபரேசன், மஞ்சக்காமாலை, டெங்குன்னா பெரிய உதவி. மாத்திரை வாங்க மட்டும் இல்ல அந்த கார்டு.

எதுவும் சரிவரலன்னா நாகர்கோவில்ல லேபர் ஆபீஸ் இருக்கு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தாலும் அங்க தான் அனுப்புவாங்க. பேர சொல்லாம புகார் குடுக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. குடுக்கலாம், ஆனா ஆறு பேர் உள்ள கடையில யாரு குடுத்ததுன்னு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும், அத மறைச்சு நான் உங்கள அனுப்ப மாட்டேன்.

அந்த தங்கச்சி லெட்டர கொண்டு போனா, சூப்பர்வைசர் வாங்கல. வாட்சப்ல அனுப்பினா. முதலாளி கிட்ட இருந்து பதில் வந்துச்சு, "ஜூன் யூனிபார்ம் சீசன். முடியாது." அத எனக்கு அனுப்பிட்டு அழுதா, நான் சொன்னேன் அழாத மக்களே, உனக்கு வேண்டிய பேப்பர அவரே எழுதி தந்துட்டாருன்னு. அவ அதுக்கு பதிலா ஒரே ஒரு வரி அனுப்பினா, "சரி சார், அப்படியானா எந்த தேதியில எடுக்கலாம்னு எழுதி தாங்க." மூணு வாரம் சத்தமே இல்ல. அவருக்கும் ஒரு ஆடிட்டரோ கன்சல்டன்டோ இருப்பாருல்லா, அங்க கேட்டிருக்கணும். மே கடைசியில கூப்பிட்டு பன்னெண்டு நாள் ஜூன்ல எடுத்துக்கோ, மிச்சத்த ஆவணி கழிஞ்சு பாப்போம்னாரு. இருவது கேட்டு பன்னெண்டு, அவளுக்கு வருத்தம் தான், ஏர்போட்டுக்கு போகவும் திரும்ப ஏத்தி விடவும் ரெண்டு நாளு போக பத்து நாள். ஆனா மிச்சம் பன்னெண்டும் ரிஜிஸ்டர்ல அவ பேர்ல பாக்கியா நிக்குது, நானே அவகிட்ட போட்டோ எடுத்து அனுப்ப சொல்லி பாத்தேன்.

நோட்டீசு இப்பவும் பஞ்சிங் மெசினுக்கு மேல தான் ஒட்டியிருக்காம். மூணாவது வரிய மட்டும் யாரோ பேனாவால ரெண்டு தடவ அடிச்சிருக்காவ, கீழ கையெழுத்து ஒண்ணும் இல்ல.